சாரம் கட்டியவர்களின் கதை

1938-இல் கலிஃபோர்னியாவின் மெர்செட் நகரருகே அழுகிக் கிடந்த ஓர் அத்திப்பழத்திலிருந்து எமில் ம்ராக் என்ற நுண்ணுயிரியலாளர் கொஞ்சம் ஈஸ்டைப் பிரித்தெடுத்தார். இஎம்93 என்று அதற்கு அடையாளம் இட்டார்கள். அது கார்ல் லிண்டெக்ரனின் ஆய்வகத்துக்குப் போய் வேறு ஈஸ்டுகளோடு கலந்தது. அந்தக் கலப்பின் வாரிசுகளிலிருந்து ராபர்ட் மார்ட்டிமர் எஸ்288சி என்ற வகையை உருவாக்கினார். இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் புழங்கும் ஈஸ்டுகளில் பெரும்பாலானவை அதற்கு உறவுதான். 1996-இல் உட்கரு உள்ள உயிர்களிலேயே முதலாவதாக முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டது இந்த வகைக்கே. அதன் மரபுப்பொருளில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அந்த அத்திப்பழத்து ஈஸ்டிலிருந்து வந்தது.

ரொட்டி மாவைப் பொங்க வைப்பதும் பீரைப் புளிக்க வைப்பதும் நம் ஊர்க் கள்ளில் நுரை கிளப்புவதும் இந்த இனம்தான். அதன் வெளிவேலைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்குள் நடக்கும் ஒரு கட்டுமானத்தையும், அதை மனிதர்கள் கண்டுபிடித்த வரலாற்றையும். கல்லூரியில் நான் செல் உயிரியல் நடத்திய காலமெல்லாம் இதற்குப் பாடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: ரைபோசோம்கள் நியூக்ளியோலஸில் உருவாகின்றன. மாணவி ஒருத்தி ஒருமுறை, “யார் சார் உருவாக்குறாங்க?” என்று கேட்டாள். அந்த வரிக்குள் அடங்காத கேள்வி அது. அதற்கு விடை தேடி உலகத்தின் பல ஆய்வகங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கின்றன.

ரைபோசோம் என்பது செல் தன் புரதங்களை எல்லாம் கோத்தெடுக்கும் துகள். ஈஸ்டில் அதற்கு இரண்டு பாதிகள்: சிறியது 40எஸ், பெரியது 60எஸ். சிறிய பாதியில் 18எஸ் என்ற ஆர்.என்.ஏ ஒன்று, பெரிய பாதியில் 25எஸ், 5.8எஸ், 5எஸ் என்று மூன்று. இவற்றோடு 79 புரதங்கள். இந்த ‘எஸ்’ மையவிலக்கியில் சுழற்றும்போது துகள் எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறது என்பதன் அளவு. இந்தத் துறை மையவிலக்கியோடு பிறந்து வளர்ந்தது என்பதற்கு இந்த எண்களே சாட்சி.

துகளைக் கண்ணால் கண்டு விவரித்தவர் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தின் ஜார்ஜ் பலாடே, ஆண்டு 1955. அது எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு விடை ஒரு தவளையிடமிருந்து வந்தது. செனோபஸ் தவளையில், உட்கருவுக்குள் இருக்க வேண்டிய நியூக்ளியோலஸ் என்ற திரள் இல்லாத ஒரு மாற்றுரு ஆக்ஸ்ஃபோர்டில் கிடைத்திருந்தது. அப்படிப்பட்ட கருக்கள் புதிதாக ரைபோசோம் ஆர்.என்.ஏ செய்வதே இல்லை என்று 1964-இல் டொனால்ட் பிரவுனும் ஜான் கர்டனும் காட்டினார்கள். தாய்த்தவளை முட்டைக்குள் சேர்த்துவைத்த ரைபோசோம்களைக் கொண்டு அந்தக் கரு தலைப்பிரட்டை ஆகும்வரை வளர்கிறது, பிறகு செத்துப்போகிறது.

அதே பத்தாண்டின் இறுதியில், 1968-இல், விஸ்கான்சினில் மசயாசு நொமுராவும் பீட்டர் ட்ராபும் செய்த சோதனை இன்றும் வியப்பூட்டுவது. பாக்டீரிய ரைபோசோமின் சிறிய பாதியை ஆர்.என்.ஏ தனி, புரதங்கள் தனி என்று முழுக்கப் பிரித்தார்கள். திரும்பச் சோதனைக்குழாயில் கலந்து இளஞ்சூட்டில் வைத்தார்கள். அவை தாமாகவே கூடிப் புரதம் செய்யும் துகளாயின. வெளியிலிருந்து உதவி எதுவும் தேவைப்படவில்லை. உறுப்புகள் இருந்தால் போதும், கட்டடம் தானே எழும் என்று ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் நம்பியதற்கு இந்தச் சோதனை வலுவான காரணம். அந்த நம்பிக்கையை மாற்றியது ஈஸ்ட்.

ஈஸ்டின் பக்கம் கதையைத் திருப்பியவர் லீலண்ட் ஹார்ட்வெல். 1960களின் நடுவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இளம் ஆசிரியராக இருந்த அவர் எளிய ஒரு முறையைக் கையில் எடுத்தார். வேதிப்பொருளால் ஈஸ்டின் மரபணுக்களில் திடீர்மாற்றங்களை உண்டாக்கி, 23 டிகிரியில் தட்டுகளில் வளர்ப்பது. வளர்ந்த கூட்டங்களின் நகலை இன்னொரு தட்டில் எடுத்து 36 டிகிரியில் வைப்பது. குளிரில் வளர்ந்து சூட்டில் நின்றுபோகும் கூட்டம் எது என்று தேடுவது. அப்படி நிற்கும் செல்லில் ஏதோ ஒரு புரதம் சூடு தாங்காமல் குலைந்திருக்கிறது. அது இல்லாமல் செல் வாழ முடியாது என்று பொருள். உயிருக்கு இன்றியமையாத ஒரு மரபணுவை, செல்லைக் கொல்லாமலே கெடுக்க இதைவிட நல்ல வழி அன்று இல்லை. 1967-இல் அவர் கையில் இப்படி 400 ஈஸ்ட் வகைகள் இருந்தன.

இந்த வேலையின் உடலுழைப்பு பாடநூல்களில் வருவதில்லை. ஆய்வு மாணவனாக நான் இதே முறையில் வேலை செய்திருக்கிறேன். கொதிநீராவியில் தூய்மை செய்த வெல்வெட் துணியை வட்டக் கட்டையின் மேல் இறுக்கி, தட்டைக் கவிழ்த்து அழுத்தி, அதே திசையில் அடுத்த தட்டை அழுத்த வேண்டும். திசை மாறினால் எந்தக் கூட்டம் எதனுடையது என்று தெரியாமல் போய்விடும். அறை முழுக்க ஈஸ்ட் சாற்றின் வாடை சட்டையில் ஏறும். ஆயிரக்கணக்கான கூட்டங்களில் ஒன்று இரண்டு மட்டும் சூட்டறைத் தட்டில் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைத்தான் தேடுகிறோம். ஹார்ட்வெல்லின் 400-ஐப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் இருந்த தட்டுகளை நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அந்த நானூறில் சில, சூட்டில் ஆர்.என்.ஏ செய்வதை நிறுத்தின. இர்வைனின் கால்வின் மெக்லாலினும் நியூயார்க்கில் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் இருந்த ஜொனாதன் வார்னரும் ஹார்ட்வெல்லோடு சேர்ந்தார்கள். வார்னர் மாணவராக இருந்தபோதே, ஒரே செய்தி ஆர்.என்.ஏவில் பல ரைபோசோம்கள் வரிசையாக ஏறி வேலை செய்கின்றன என்பதைக் கண்ட குழுவில் ஒருவர். 1970-இல் மூவரும் எழுதிய கட்டுரை, ஈஸ்டில் ரைபோசோம் உருவாவதைக் கட்டுப்படுத்தும் பத்து மரபணுக்களை அறிவித்தது. ஆர்என்ஏ2 முதல் ஆர்என்ஏ11 வரை அவற்றுக்கு எண் கொடுத்தார்கள். சூட்டுக்கு மாற்றியதும் இந்த வகைகளில் புதிய ரைபோசோம் வருவது நின்றது. கட்டுமானத் தொழிலாளிகள் பத்துப் பேரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எண்ண எல்லா நியாயமும் இருந்தது.

அவர்கள் வேறு தொழிலாளிகள். 1977-இல்தான் மரபணுக்களுக்கு நடுவே பொருளற்ற துண்டுகள் இருக்கின்றன, அவற்றை வெட்டியெடுத்து ஒட்டிய பிறகே செய்தி ஆர்.என்.ஏ பயன்படும் என்பது தெரியவந்தது. அந்தத் துண்டுகளுக்கு இன்ட்ரான் என்று பெயர். ஈஸ்டில் இன்ட்ரான் மிக அரிது. ஏறத்தாழ ஆறாயிரம் மரபணுக்களில் முந்நூறுக்குள்தான். ஆனால் ரைபோசோமின் புரதங்களுக்கான மரபணுக்கள் மட்டும் விதிவிலக்கு. 137 மரபணுக்களில் நூறு அளவுக்கு இன்ட்ரான் உண்டு. பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்பாஷும் ஜான் உல்ஃபோர்டும் மற்றவர்களும் ரைபோசோம் புரத மரபணுக்களைப் படியெடுத்து, ஹார்ட்வெல்லின் பழைய வகைகளில் அவற்றின் ஆர்.என்.ஏவைப் பார்த்தார்கள். சூட்டில் இன்ட்ரான் நீங்காத நீளமான ஆர்.என்.ஏ குவிந்து கிடந்தது. 1981-இல் வெளியான முடிவு இது. அந்த மரபணுக்கள் இன்ட்ரானை வெட்டி ஒட்டும் வேலையைச் சேர்ந்தவை. வெட்டி ஒட்டுவது நின்றால் செல்லில் முதலில் அடிபடுவது ரைபோசோம் புரதங்கள். அதனால் ரைபோசோம் நின்றது. பின்னாளில் ஆர்என்ஏ என்ற பெயரை நீக்கி பிஆர்பி என்று மாற்றினார்கள். 1989-இல் கால்டெக்கில் ஜான் ஏபெல்சனின் ஆய்வகத்தில் அந்த வரிசையைப் பல புதிய வகைகளால் நீட்டியவர் உஷா விஜயராகவன். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியரானார்.

இந்தப் பத்து மரபணுக்களின் கதையை வழிதவறிய தொடக்கமாகக் கருதுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ரைபோசோமைத் தேடிய வலையில் உயிரியலின் இன்னொரு பெரும் துறைக்கு ஆதாரமான மரபணுக்கள் சிக்கின. அதே நானூறின் கொத்திலிருந்து ஹார்ட்வெல் செல் பிரிதலின் மரபணுக்களை எடுத்தார். 2001-இல் நோபல் பரிசு பெற்றார். ராஸ்பாஷ் பிறகு ஈயின் உடல்கடிகாரத்துக்குப் போய் 2017-இல் நோபல் பெற்றார். உல்ஃபோர்ட் ரைபோசோமிலேயே தங்கினார். பிட்ஸ்பர்கின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பெரிய பாதி எப்படிக் கட்டப்படுகிறது என்பதைத் தன் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். அவரைப் போலத் தங்கியவர்களைப் பற்றித்தான் இனிப் பேச வேண்டும்.

1970களில் கட்டுமானத்தின் நிலைகளை ஆம்ஸ்டர்டாமில் ரூடி பிளாண்டாவின் குழு வரிசைப்படுத்தியது. கதிரியக்க மூலகத்தை ஈஸ்டுக்கு ஊட்டி, சில நிமிட இடைவெளிகளில் செல்லை உடைத்து, சுக்ரோஸ் கரைசலின் மேல் வைத்துச் சுழற்றி, குழாயிலிருந்து துளித்துளியாகப் பிரித்தால் எந்தத் துகள் முதலில் ஒளிர்கிறது, எது பிறகு என்று தெரியும். யான் டிராப்மன், யாப் ரெட்டெல், பிளாண்டா மூவரும் 1975-இல் கண்டது: முதலில் 90எஸ் என்ற பெருந்துகள், அது பிளந்து 66எஸ், 43எஸ் என இரண்டாகிறது, முன்னது பெரிய பாதியாகவும் பின்னது சிறிய பாதியாகவும் முதிர்கிறது. வார்னரும் அவர் மாணவர் உடெமும் இதற்கு முன்பே இன்னொன்றைச் சொல்லியிருந்தார்கள். சிறிய பாதியின் ஆர்.என்.ஏ முழுதாக முடியும் முன்பே, 20எஸ் அளவில் இருக்கும்போதே, உட்கருவை விட்டு வெளியே வந்துவிடுகிறது. கடைசி வெட்டு சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. முடியாத கட்டுமானத்தை ஏன் வெளியே அனுப்ப வேண்டும் என்பதற்கு விடை கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின.

அடிப்படைப் பொருளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஈஸ்டின் 12-ஆம் குரோமோசோமில் ரைபோசோம் ஆர்.என்.ஏவுக்கான மரபணு ஏறத்தாழ 150 முறை அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கிறது. மொத்த மரபுப்பொருளில் பத்தில் ஒரு பங்கு இதற்கே. ஒவ்வொன்றிலிருந்தும் ஏறத்தாழ ஏழாயிரம் எழுத்து நீளமுள்ள 35எஸ் என்ற ஒரே ஆர்.என்.ஏ எடுக்கப்படுகிறது. அதற்குள் 18எஸ், 5.8எஸ், 25எஸ் மூன்றும் வரிசையாக இருக்கின்றன. முன்னும் பின்னும் நடுவிலும் வெட்டி எறியப்பட வேண்டிய பகுதிகள். 5எஸ் மட்டும் தனியாக எடுக்கப்படுகிறது. வெட்டு ஒவ்வொன்றும் குறித்த இடத்தில், குறித்த வரிசையில் விழ வேண்டும். பிசகினால் அந்த ரைபோசோம் உதவாமல் போகலாம்.

யார் வெட்டுகிறார்கள்? 1980களின் கடைசியில்தான் பெயர்கள் தெரிய ஆரம்பித்தன. ஹைடல்பெர்கின் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் அப்போது டேவிட் டொலர்வியும் எட் ஹர்ட்டும் இருந்தார்கள். தோல் இறுகிப்போகும் ஸ்க்லெரோடெர்மா என்ற நோய் உள்ளவர்களில் சிலரின் இரத்தத்தில் நியூக்ளியோலஸின் ஒரு புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருப்பது தெரிந்திருந்தது. ஃபிப்ரில்லரின் என்ற அந்தப் புரதத்தின் உறவு ஈஸ்டிலும் இருந்தது. நாப்1 என்று பெயர். அதை ஈஸ்டிலிருந்து நீக்கினால் செல் சாகிறது. அதன் இடத்தில் மனித ஃபிப்ரில்லரினின் மரபணுவைக் கொடுத்தால் செல் பிழைக்கிறது. அத்திப்பழத்து ஈஸ்டுக்கும் நமக்கும் இடையே நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பிரிவு. அந்தப் பிரிவைத் தாண்டி ஒரே புரதம் ஒரே வேலைக்கு நிற்கிறது என்று முதன்முதலில் படித்தபோது நான் அந்தப் பக்கத்தை மாணவர்களிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

இந்த வேலைக்கு அவர்கள் பயன்படுத்திய உத்தியும் ஈஸ்டின் குணத்திலிருந்தே வந்தது. கேலக்டோஸ் சர்க்கரை இருக்கும்போது மட்டும் இயங்கும் ஒரு தூண்டியை ஆராய வேண்டிய மரபணுவின் முன்னால் பொருத்துவார்கள். கேலக்டோஸில் செல் நன்றாக வளரும். குளுக்கோஸுக்கு மாற்றியதும் மரபணு அடங்கும்; ஏற்கெனவே உள்ள புரதம் செல் பிரியப் பிரியக் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு சில மணி நேரத்துக்கும் ஆர்.என்.ஏவைப் பிரித்து, எந்த வெட்டு விழவில்லை என்று பார்த்தால் அந்தப் புரதத்தின் வேலை தெரிந்துவிடும். இவ்வாறே நாப்1-உம் யூ3 என்ற சிறு ஆர்.என்.ஏவும் 18எஸ் உருவாகத் தேவை என்பது நிலைநாட்டப்பட்டது. நியூக்ளியோலஸில் இப்படி எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட சிறு ஆர்.என்.ஏக்கள் இருக்கின்றன. அவற்றில் சில வெட்டுக்கு உதவுகின்றன. பெரும்பாலானவை, எந்த எழுத்தில் வேதி மாற்றம் செய்ய வேண்டும் என்று சுட்டிக்காட்டுகின்றன. 1996-இல் துலூஸில் தமாஸ் கிஸ்ஸின் குழு இதைத் தெளிவாக்கியது.

நொமுராவும் இந்தக் கதைக்குள் மறுபடி வருகிறார். 1984-இல் அவர் இர்வைனுக்கு மாறினார். ஹார்ட்வெல் தொடங்கிய அதே வளாகம். பாக்டீரியாவில் புகழ்பெற்றவர், ஈஸ்டில் புதிதாகத் தொடங்கினார். ரைபோசோம் ஆர்.என்.ஏவை எடுக்கும் முதலாம் பாலிமெரேஸ் என்ற நொதி முழுக்க இல்லாத ஈஸ்டையும் வாழ வைக்கலாம் என்று 1991-இல் காட்டினார்: 35எஸ் மரபணுவைக் கேலக்டோஸ் தூண்டியின் கீழ் வைத்து, இன்னொரு பாலிமெரேஸைக் கொண்டு எடுக்க வைத்தால் போதும். அந்த நொதியின் உண்மையான, ஒரே இன்றியமையாத வேலை இதுதான் என்று அதனால் உறுதியானது. புகழ் சேர்த்த துறையை விட்டுப் புதிய துறையின் அடிப்படைக் கேள்விக்கு வர ஓர் ஆய்வாளருக்கு வேண்டிய துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

1999-இல் பெர்த்ரான் செராஃபினின் குழு, மறுபடியும் ஹைடல்பெர்கில், ஒரு புரதத்தின் வாலில் இரட்டைப் பிடி வைத்து, அதோடு ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் செல்லிலிருந்து மெதுவாக, இரண்டு முறை வடித்து எடுக்கும் முறையைக் கொடுத்தது. ஒட்டி வந்தவற்றை நிறைமானி பெயர் சொல்லும். பிறகு வந்தது வெள்ளம். 2001, 2002 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 66எஸ்-உம் 90எஸ்-உம் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலோடு வெளிவந்தன. யேலில் சூசன் பசெர்காவின் குழு யூ3-ஐச் சுற்றி இருந்த புரதங்களைப் பிடித்து யூடிபி என்று வரிசை எண் கொடுத்தது.

இங்கே 1969-க்கு ஒரு கணம் போக வேண்டும். ஓக் ரிட்ஜில் ஆஸ்கர் மில்லரும் பார்பரா பீட்டியும் நீர்ப்பல்லி முட்டையின் ரைபோசோம் மரபணுக்களை விரித்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். தண்டிலிருந்து இருபுறமும் வளர்ந்துகொண்டே போகும் ஆர்.என்.ஏ இழைகள்; படத்தைக் கிறிஸ்துமஸ் மரம் என்று எல்லோரும் அழைத்தார்கள். ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு மணி தெரிந்தது. அது என்னவென்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. 2002-இல் யேல் குழு காட்டியது இதுவே: யூ3-உம் அதன் புரதங்களும் கூடிய துகள்தான் அந்த மணி. ஆர்.என்.ஏ எழுதி முடியும் முன்பே கட்டுமானம் தொடங்கிவிடுகிறது.

இப்போது கணக்கு ஏறத்தாழ 200 புரதங்களில் நிற்கிறது. ரைபோசோமில் 79 புரதங்கள். அதைக் கட்ட வந்து, கட்டி முடிந்ததும் விலகிப்போகும் புரதங்கள் 200. கோபுரத்தைவிட அதைச் சுற்றிக் கட்டிய சாரம் பெரியது. முடிந்த ரைபோசோமில் இவர்களில் ஒருவரும் இருப்பதில்லை. அதனால்தான் முழு ரைபோசோமை எவ்வளவு நுட்பமாகப் பார்த்தாலும் அது எப்படிக் கட்டப்பட்டது என்பது தெரியவே தெரியாது. இதை அறிய வழி, கட்டுமானத்தை நடுவிலேயே பிடிப்பது. ஹார்ட்வெல்லின் சூட்டுத் தட்டும் கேலக்டோஸ் உத்தியும் இரட்டைப் பிடியும் அந்த ஒரே வேலையின் மூன்று வடிவங்கள்.

சாரத்தில் சிலர் அதிசயமானவர்கள். ரீ1 ஈஸ்டிலேயே மிக நீளமான புரதம். 4,910 அமினோ அமிலங்கள். பெரிய பாதியின் மேல் ஒரு முனையைப் பதித்து, ஆற்றலைச் செலவழித்து, வேலை முடிந்த உதவியாளர்களை இழுத்துப் பிடுங்குகிறது. என்எம்டி3 ஏறத்தாழ முடிந்த பெரிய பாதியை உட்கருவின் துளை வழியே வெளியே அழைத்துப்போகும் துணை. டிஃப்6 பெரிய பாதியின் உள்முகத்தில் உட்கார்ந்து, சிறிய பாதி அவசரப்பட்டு வந்து ஒட்டாதபடி தடுக்கிறது.

வார்னர் கேட்டுவைத்த பழைய கேள்விக்கு விடை 2012-இல் கிடைத்தது. ஃப்ளோரிடாவில் கத்ரின் கார்ப்ஸ்டைனின் குழுவும் எடின்பரோவில் டொலர்வியின் குழுவும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன. முடியாத சிறிய பாதி வெளியே வந்ததும், முதிர்ந்த பெரிய பாதி ஒன்று அதோடு சேர்கிறது. புரதம் செய்வதற்குத் தேவையான செய்தி ஆர்.என்.ஏ அங்கே இல்லை. ஆனாலும் வேலை தொடங்குவதுபோல் இரண்டும் பொருந்திப் பார்க்கின்றன. பொருத்தம் சரியாக இருந்தால் மட்டுமே நாப்1-க்குப் பெயரில் மட்டும் நெருங்கிய நோப்1 என்ற வேறொரு புரதம் 20எஸ்-இன் கடைசித் துண்டை வெட்டி 18எஸ் ஆக்குகிறது. முடிவு வெட்டுக்கு முன் ஓர் ஒத்திகை. அதற்காகத்தான் அது முடியாமலே வெளியே வருகிறது. இந்தத் துறையில் நான் படித்த முடிவுகளில் என்னை அதிகம் நெகிழ வைத்தது இதுவே. நாற்பது ஆண்டுகளுக்கு முன் சுக்ரோஸ் குழாயில் தெரிந்த ஒரு சிறு புதிருக்கு இவ்வளவு அழகான காரணம் இருந்திருக்கிறது.

வார்னருக்கு நாம் பட்ட இன்னொரு கடனும் உண்டு. 1999-இல் அவர் ஈஸ்டின் ரைபோசோம் செலவைக் கணக்குப் போட்டார். நன்றாக வளரும் ஒரு செல்லில் ஏறத்தாழ 2 லட்சம் ரைபோசோம்கள். நூறு நிமிடத்தில் செல் இரண்டாக வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 2,000 புதிதாக வர வேண்டும். 79-ஆல் பெருக்கினால், நிமிடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட புரதங்கள் சைட்டோபிளாசத்தில் செய்யப்பட்டு உட்கருவுக்குள் நுழைய வேண்டும். நான்காயிரம் பாதிகள் வெளியே வர வேண்டும். உட்கருவின் துளைகளோ நூற்றைம்பது அளவில்தான். செல் எழுதும் மொத்த ஆர்.என்.ஏவில் அறுபது விழுக்காடு ரைபோசோமுக்கே போகிறது. இவ்வளவு செலவு என்பதால் பட்டினி வந்தால் செல் முதலில் நிறுத்துவதும் இதைத்தான். உணவு இருக்கிறதா என்று உணரும் டார் என்ற புரதத்தை, ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து வந்த ராபமைசின் மருந்தைக் கொண்டு 1991-இல் பாசலில் ஈஸ்டில்தான் கண்டுபிடித்தார்கள். அந்த மருந்தை ஊற்றினால் உணவு நிறைய இருந்தாலும் ஈஸ்ட் ரைபோசோம் கட்டுவதை விரைவில் நிறுத்திவிடுகிறது.

2009-இல் ரைபோசோமின் அமைப்புக்காக வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டில் பெரும் மகிழ்ச்சி. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர். தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் ஆகியோரோடு பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர்கள் மூவரும் பார்த்தது உட்கரு இல்லாத நுண்ணுயிர்களின் முடிந்த ரைபோசோம். ஈஸ்டின் முழு ரைபோசோமை 2011-இல் ஸ்ட்ராஸ்பர்கில் மராட் யூசுபோவின் குழு மூன்று ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் படமாக்கியது. சாரத்தோடு கூடிய, கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் துகள்கள் அதற்கும் பின்னர், குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கி முதிர்ந்த பிறகே தெரிந்தன. 2016-இலிருந்து 2020 வரை மியூனிக்கில் ரோலண்ட் பெக்மன், நியூயார்க்கில் செபாஸ்டியன் கிளிங்கே, பெய்ஜிங்கில் யே கெச்சியொங் ஆகியோரின் குழுக்கள் 90எஸ்-இன் அமைப்பையும் அது குலைந்து சிறிய பாதி வெளிப்படும் நிலைகளையும் அடுத்தடுத்து வெளியிட்டன. 1975-இல் குழாயில் ஒரு மேடாக மட்டும் தெரிந்த துகளின் அணுக்கள் இப்போது கண்முன் இருக்கின்றன. முடிந்த கட்டடத்தைக் காட்டியவர்களுக்குப் பரிசு கிடைத்தது நியாயம். சாரத்தைக் காட்டியவர்களுக்கும் அதே அளவு மரியாதை உண்டு என்பது என் திடமான கருத்து.

இது ஆய்வகத்தோடு நிற்கும் அறிவும் இல்லை. அத்திப்பழம் கிடைத்த அதே 1938-இல் பாஸ்டனில் லூயிஸ் டயமண்ட், கென்னத் பிளாக்ஃபன் என்ற மருத்துவர்கள், சிவப்பணுக்கள் உருவாகாமல் வாடும் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். 1999-இல் அந்த நோயின் முதல் மரபணு தெரிந்தது: ரைபோசோமின் சிறிய பாதியைச் சேர்ந்த ஆர்பிஎஸ்19 என்ற புரதம். ஈஸ்டில் அதே புரதத்தை நீக்கிப் பார்த்தபோது சிறிய பாதியின் முதிர்ச்சி தடைப்பட்டது. எலும்பு மஜ்ஜையையும் கணையத்தையும் தாக்கும் ஷ்வாக்மன்-டயமண்ட் நோய்க்கு 2003-இல் எஸ்பிடிஎஸ் என்ற மரபணு கண்டறியப்பட்டது. ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரியவில்லை. 2007-இல் கேம்பிரிட்ஜில் ஆலன் வாரனின் குழு ஈஸ்டில் அதன் உறவான எஸ்டிஓ1-ஐ ஆராய்ந்து சொன்னது: பெரிய பாதியின் முகத்தில் உட்கார்ந்திருக்கும் டிஃப்6-ஐ எழுப்பி அனுப்புவதற்கு அது தேவை. அது இல்லையென்றால் கட்டடம் முடிந்தும் சாரம் பிரியாமல் நிற்கிறது. ஒரு குழந்தையின் நோய்க்கான காரணத்தை ஈஸ்ட் சொன்னது.

பள்ளியிலும் கல்லூரியிலும் உயிரியல் நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த ஒற்றை வரியோடு தாண்டிப் போகாதீர்கள். ஹார்ட்வெல்லின் இரண்டு வெப்பநிலைகளையும், 90எஸ் இரண்டாகப் பிளப்பதையும், சைட்டோபிளாசத்தில் நடக்கும் ஒத்திகையையும் சொல்ல ஒரு வகுப்பு நேரம் போதும். பிள்ளைகள் “யார் கட்டுறாங்க?” என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல இருநூறு பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் பத்தையாவது சொல்லுங்கள்.